கூப்பிடாமல் வந்த கூட்டம்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

ஆறு பாலத்துக்கு மேலே ஏறி வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். அதே வருஷம்தான் கடைத்தெரு சினிமாக் கொட்டகையின் கூரை காற்றில் பறந்து பள்ளிக்கூட மைதானத்தில் போய் உட்கார்ந்தது. அதே வருஷம்தான் பட்டப்பகலில் சூரியனை நிலா மூடியது. மேலே பார்த்தால் கண் போய்விடும் என்று மேஸ்திரி கத்த, ஐஸ் கம்பெனி ஆட்கள் எல்லோரும் பெரிய தொட்டியைச் சுற்றிக் குனிந்து நின்று, தண்ணீருக்குள் சூரியன் தேய்வதைப் பார்த்தோம். நீ ஐஸ் டோக்கன் கொடுக்கிற ஜன்னலை அப்படியே போட்டுவிட்டு நீயும் ஓடி வந்தாய். யாரோ கையை விட்டுக் கலக்கினார்கள். பிறைச் சூரியன் துண்டுதுண்டாகி, ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் ஒன்று மிதந்தது. அந்த வருஷம்தான் என் காலில் புண் திறந்தது.

வருஷத்துக்கு எண் சொல்லத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வருஷம் என்பது அன்றைக்கு நடந்ததுதான். இந்தக் கடிதத்தை எழுதுவது எதிர்வீட்டுத் தையல்காரி. நல்ல பெண். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே கேட்பாள், பிறகு எழுதுவாள். நான் என் மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறேன். என் மனைவி போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும்.

புண் திரும்ப வந்துவிட்டது. அதே இடது கால், பழைய தழும்புக்கு ஒரு சாண் கீழே. பஸ் படியில் லேசாக உரசியது. முதலில் எறும்பு கடித்த மாதிரி ஒரு பொட்டு. பிறகு அது வாய் திறந்தது. ஓரம் கத்தரிப்பூ நிறம். வலி உனக்குத் தெரியும், பார்த்தவள் நீ.

இங்கே இரண்டு டாக்டர்கள். ஒருவர் கத்தி டாக்டர். செத்த சதையைச் சுரண்டி எடுத்து, தொடைத் தோலை வெட்டி ஒட்ட வேண்டும் என்கிறார். இன்னொருவர் தோல் டாக்டரம்மா. புண்ணின் ஓரத்தில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். கிருமி எதுவும் இல்லையாம். வெள்ளை அணுக்கள் மட்டும். இரத்தத்தில் ஓட வேண்டியவை, தோலுக்குள் புகுந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனவாம்.

"எதுக்கும்மா அங்க வந்து நிக்குதுங்க?"

"கிருமி வந்தா சண்டை போடப் போறதுங்க, தாத்தா."

"கிருமிதான் இல்லைன்னீங்களே."

"அதான் சிக்கல். வந்த இடத்துல வேலை இல்ல. சும்மா இருக்கவும் தெரியாது. நிக்கிற தரையையே கரைச்சுடுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. தெருவில் ஒருவன் நின்று எட்டிப் பார்த்தால் போதும், பின்னால் கூட்டம் கூடிவிடும். "என்னங்க ஆச்சு?" "தெரியலைங்க, நானும் இப்பத்தான் வந்தேன்." அப்படி ஒரு கூட்டம் என் காலுக்குள்.

இது அந்த நோய்தான் என்றால் கத்தி படக்கூடாதாம், பட்டால் புண் இரண்டு மடங்காகுமாம். வெள்ளை அணுக்களை அடக்குகிற மாத்திரை இருக்கிறது. ஆனால் இது வேறு ஏதாவது நோயாக இருந்து அந்த மாத்திரையைக் கொடுத்தால் காலோடு நானும் போவேன். கண்ணாடியில் பார்த்தது மட்டும் போதாதாம். இந்த நோய் என்றால் ஊசி குத்தின இடத்திலும் தானாகப் புண் கிளம்புமாம். கையில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள், இந்தத் தடவை ஒன்றும் கிளம்பவில்லை. அதனால் டாக்டரம்மா கேட்கிறார்கள்: "முன்னாடி வந்தப்போ, ஊசி குத்தின இடத்துல தானா கிளம்பிச்சா? இல்ல, நீங்க கை வெச்சீங்களா?"

கம்பெனி டாக்டர் ஊசி போட்ட கையில் ஒன்று கிளம்பியது உண்மை. தானாக வந்ததா, நான் நோண்டினேனா, எனக்குத் தெரியாது. தூக்கத்தில் நோண்டுகிறேன் என்று கம்பெனியில் எல்லோரும் சொன்னார்கள். தூக்கத்தில் என் கை என்ன செய்தது என்று நான் எப்படிச் சொல்வேன்? பார்த்த ஆள் நீ. எழுது.

அண்ணன் (கைநாட்டு)


மார்ச் 13

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. எழுத்து யாருடையதோ, ஆனால் முகம் கொடுக்காமல் பேசுகிற பேச்சு உன்னுடையதுதான். "எழுது." கம்பெனியில் டீ கொண்டுவரச் சொன்ன மாதிரியே இருக்கிறது.

இத்தனை காலம் கழித்து என் முகவரி கிடைத்துவிட்டதா? நீ போனாய். எங்கே போனாய் என்று ஒரு சொல் இல்லை. அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு, கட்டிலைக் காலி செய்துவிட்டுப் போனாய். பிறகு ஒரு நாள் உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையில் என் வீட்டுக்காரர் பெயர் மட்டும். "ஏம்மா, உங்க அண்ணனுக்கு உன் பேரு மறந்துபோச்சா?" என்று அந்த மனுஷன் கேட்டார். அவர் செத்தபோது ஆள் அனுப்பினேன். நீ வரவில்லை. கால் வலியா?

எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று நினைக்காதே. இருக்கிறது. வெயிலில் வைத்தாலும் உருகாது.

உன் காலை நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் யாருக்கும் பார்த்துக்கொள்ளவில்லை. நீ ராத்திரி வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், தினமும், கம்பெனித் தொட்டி உப்புத் தண்ணீரை ஊற்றி நார் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஐஸ் கொக்கி கீறினால் கம்பெனியில் அதுதான் வைத்தியம். இரத்தம் வரும்வரை தேய்க்க வேண்டும், அப்போதுதான் ஆறும். எல்லோருக்கும் ஆறியது. உனக்கு மட்டும் ஆறவில்லை. அப்புறம் என்ன நினைப்பார்கள்?

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், உன் கையைக் கட்டினேன். அது உனக்குத் தெரியும். தெரிந்துதானே போனாய்.

வேறு ஒன்றும் எழுத வரவில்லை. தையல்காரியிடம் சொல், எழுத்து அழகாக இருக்கிறது.

தங்கை


மார்ச் 19

தங்கச்சிக்கு,

கத்தி டாக்டர் நாள் குறித்துவிட்டார். அடுத்த மாதம் முதல் வாரம். தோல் டாக்டரம்மா, "உங்க தங்கச்சி எழுதட்டும், அதுவரைக்கும் நான் தள்ளிப் போடுறேன்" என்கிறார்கள். புண் நிற்கவில்லை. போன வாரம் ஒரு டீ டம்ளர் வாயளவு. இந்த வாரம் என் உள்ளங்கையை வைத்தால் மறைய மாட்டேன் என்கிறது.

காய்ச்சல் வந்து போகிறது. வரும்போது இந்த அறை ஐஸ் கம்பெனியாகிவிடுகிறது. சுவர்கள் வெள்ளையாகப் புகைகின்றன. தொட்டி மூடியைத் தூக்குகிறேன். உள்ளே அச்சு அச்சாக ஐஸ் உறைந்து நிற்கிறது. ஒன்றுக்குள் சினிமாக் கொட்டகையின் கூரை, தீப்பெட்டி அளவில். ஒன்றுக்குள் நம் வீட்டு நாற்காலி. ஒன்றுக்குள் அந்தப் பிறைச் சூரியன், மஞ்சளாக, உருகாமல். கடைசி அச்சில் என்ன இருக்கிறது என்று குனிந்தால் என் இரண்டு கைகள். மணிக்கட்டோடு. அவை தூங்குகின்றன. கைகள் தூங்குவதை நீ பார்த்திருக்கிறாயா? மெதுவாக மூச்சு விடுகின்றன.

"தாத்தா, இதெல்லாம் எழுதணுமா?" என்கிறாள் தையல்காரி. "எழுதும்மா, நூல் உன்னோடது, துணி என்னோடது" என்றேன்.

நான் எழுந்த பகலைச் சொல்கிறேன். ராத்திரி முழுக்க ஐஸ் இழுத்துவிட்டு வந்து படுத்தவன், சாயங்காலம் கண் திறந்தேன். இரண்டு கைகளிலும் தோள்வரை துணி சுற்றியிருந்தது. மணிக்கட்டை இரண்டு பக்கமும் கட்டில் சட்டத்தோடு இழுத்துக் கட்டியிருந்தாய். கதவு திறந்து கிடந்தது. வீட்டில் யாரும் இல்லை. தெருவில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். குரல் கொடுத்தேன், நீ வரவில்லை. அப்போதுதான் புரிந்தது. கம்பெனி டாக்டர் சொன்னதை நீயும் நம்பிவிட்டாய் என்று. மற்றவர்கள் என் டம்ளரைத் தனியாக வைத்தபோது வலிக்கவில்லை. என் துண்டை மேஸ்திரி கொக்கியால் தூக்கி நெருப்பில் போட்டபோதுகூட வலிக்கவில்லை. பல்லால் கடித்துத் துணியை அவிழ்த்தேன். லாரிக்காரரிடம் கேட்டு, ஐஸ் மேல் போட்ட மரத்தூளில் உட்கார்ந்து, லாரி போகிற இடத்துக்குப் போனேன்.

போன இடத்தில் கால் ஆறிவிட்டது. கம்பெனிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் படுக்கும்போது கைகளைத் தலையணைக்கு அடியில் போட்டு, அதன்மேல் தலையை வைத்தே தூங்கினேன். கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்டாள், "என்ன பொக்கிஷமா வெச்சிருக்கீங்க அடியில?" அவள் சாகும்வரை சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரர் இறந்த செய்தி எனக்கு வந்தது. கிளம்பி பஸ் நிலையம்வரை வந்தேன். உன் வாசலில் வந்து நின்றால் நீ முதலில் என் கையைப் பார்ப்பாய் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன்.

எனக்கு ஒன்று தெரிந்தால் போதும். கால் பிறகு. என் கை செய்ததா, இல்லையா?

அண்ணன் (கைநாட்டு)


மார்ச் 26

அண்ணே,

இதை டாக்டரம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டச் சொல். ஒரு வரியும் விடக்கூடாது.

கம்பெனி டாக்டர் உன் கையில் ஊசி போட்டார் இல்லையா, இடது கையில், முழங்கைக்கு மேலே. ஊசி போட்ட இடத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டினார். உன்னை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "உங்க அண்ணன் கால்ல ஒண்ணுமில்லம்மா. கைதான் சும்மா இல்ல. வேலைக்குப் போகாம இருக்க ஆளுங்க என்னென்னமோ பண்ணுவாங்க. நீ பார்த்துக் கண்டுபிடி" என்றார். "எங்க அண்ணன் அப்படி இல்லைங்க" என்றேன். "அப்ப தூக்கத்துல பண்றான்" என்றார். நீ தூக்கத்தில் பேசுவாய், பாட்டுக்கூடப் பாடுவாய்.

நான் நம்பவும் இல்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. சரி, கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான் கட்டினேன். நீ நினைப்பது மாதிரி ஒரு பகல் மட்டும் இல்லை. ஊசி போட்ட அன்றைக்கே தொடங்கிவிட்டேன். நீ படுத்தால் மரக்கட்டை, கட்டினாலும் தெரியாது, அவிழ்த்தாலும் தெரியாது. கட்டிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொள்வேன். மரம் அறுக்கிற பட்டறைச் சங்கு ஊதுவதற்குள் அவிழ்த்துவிடுவேன். முழித்திருக்கும் நேரமெல்லாம் நீ என் கண்ணெதிரே, பிறகு மேஸ்திரி கண்ணெதிரே. டோக்கன் ஜன்னலுக்குப் போகாததற்கு என்ன சொன்னேன் தெரியுமா? எனக்குப் பல்வலி என்றேன். கன்னத்தில் துணி கட்டிக்கொண்டேன். வீட்டில் இரண்டு பேருக்கும் கட்டு.

கடைசிப் பகலில் உனக்குக் காய்ச்சல். வேர்த்துக் கொட்டியது. "தண்ணியில சூரியன், கலக்காதீங்க" என்று புலம்பினாய். காற்றுப் படட்டும் என்று இடது கையில் சுற்றிய துணியை மட்டும் மேலே தளர்த்திப் பார்த்தேன். பிளாஸ்திரி டாக்டர் ஒட்டின மாதிரியே இருந்தது. நாலு ஓரமும் ஒட்டியிருந்தது. ஆனால் நடுவில் புடைத்திருந்தது. மெதுவாக உரித்தேன். அடியில் ஒரு கொப்புளம். அதைச் சுற்றி அந்தக் கத்தரிப்பூ நிறம், காலில் இருந்த அதே நிறம்.

உன் கை கட்டியிருந்தது, அண்ணே. துணிக்கு மேல் துணி. அந்தப் பிளாஸ்திரிக்கு அடியில் யார் விரலும் போகவில்லை. உன் கை செய்யவில்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தோஷத்தில் ஓடினேன். உன்னை அவிழ்த்துவிட்டு ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை, சொன்னால் சிரிப்பாய், செருப்புக்கூடப் போடவில்லை. கதவையும் சாத்தவில்லை. கம்பெனி டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். உட்கார்ந்திருந்தேன். வந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "அப்படியா? சரி, நாளைக்கு வரச் சொல்லு" என்றார். இன்றைக்கே வாருங்கள் என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்கு வந்தபோது கட்டிலில் துணி கிடந்தது. பல் பட்ட இடம் ஈரமாக இருந்தது.

இதைச் சொல்ல உன் முகவரி எனக்குக் கிடைக்கவில்லை. முகவரி கிடைத்தபோது அது என் வீட்டுக்காரர் பெயருக்கு வந்த பத்திரிகையில் இருந்தது. எனக்கும் ரோஷம் உண்டு.

உனக்கு இத்தனை வருஷமும் சந்தேகம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். தன் கை செய்ததா என்று ஒருவனுக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்தேன்.

இப்போது நான் கேட்கிறேன். கத்தி பட்டால் இரண்டு மடங்காகும் என்று எழுதியிருந்தாய். ஊசி குத்தின இடத்திலேயே கிளம்புகிறது என்றால், நார் பிரஷ்? இரத்தம் வரும்வரை தேய்த்தேனே? நீ பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டகைக் கூரையைப் பற்றிக் கதை சொல்வாய், நான் தேய்ப்பேன். உன் கால் அங்கே போய் ஆறியது காற்றாலா, நான் இல்லாததாலா?

டாக்டரம்மாவிடம் கேள். மழுப்பாதே. மழுப்பினால் தையல்காரி எழுத்து கோணும், எனக்குத் தெரிந்துவிடும்.

தங்கை


ஏப்ரல் 2

அண்ணே, பதில் இல்லையே? கத்தி டாக்டர் நாள் வந்துவிட்டதா? ஒரு வரி போதும்.


மே 6

தங்கச்சிக்கு,

தாமதத்துக்குக் காரணம் தையல்காரி. கல்யாணத் துணி தைக்க ஒரு வீட்டுக்குப் போய்விட்டாள். வேறு யாரையும் எழுதச் சொல்ல மனம் வரவில்லை. கால் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை டாக்டரம்மா நின்றுகொண்டே படித்தார்கள். பிறகு உட்கார்ந்து படித்தார்கள். "பிளாஸ்திரி ஒட்டினபடியே இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க, கையும் கட்டியிருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. இப்படி ஒரு பரிசோதனை நாங்க நெனச்சாலும் பண்ண முடியாது தாத்தா, ஜெயில்ல போட்டுடுவாங்க" என்றார்கள். கத்தி டாக்டரைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் நின்று பேசினார்கள். அவர் வந்து என் காலைத் தொடாமல் பார்த்தார். "சரி பெரியவரே, நம்ம கத்திக்கு லீவு" என்றார். நல்ல மனுஷன். மாத்திரை தொடங்கினார்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வலி மட்டும் எழுந்து வெளியே போனது. காலில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் வலி இல்லை. ஒரு வீட்டில் ஓயாமல் அழுத பிள்ளை நிறுத்தினால் சத்தம் இல்லாததே ஒரு சத்தமாகக் கேட்குமே, அப்படி. பிறகு கத்தரிப்பூ நிறம் வெளுத்தது. ஓரம் படிந்தது. கூட்டம் கலைகிறது என்றேன். "ஆமா தாத்தா, ஒவ்வொருத்தரா வீட்டுக்குப் போறாங்க" என்றார்கள் டாக்டரம்மா. மாத்திரையால் என் முகம் உப்பி, கண்ணாடியில் பார்த்தால் நம் மேஸ்திரி மாதிரி இருக்கிறேன். பசி அடங்குவதில்லை. மகள் ரொட்டியை ஒளித்து வைக்கிறாள்.

உன் கடிதம் வாசித்த அன்று பகல் படுத்தேன். கைகளைத் தலையணைக்கு அடியில் போடவில்லை. வயிற்றின் மேல் போட்டுக்கொண்டேன். கனவில் மறுபடியும் தொட்டி. அதே அச்சு. ஐஸ் உருகியிருந்தது. கைகள் தண்ணீருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வெகுநேரம் தூங்கினேன். மகள் பயந்துபோய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

நீ கேட்டதைக் கேட்டேன். அன்றைக்கு மனம் வரவில்லை. அடுத்த தடவை கேட்டேன். மழுப்பவில்லை, எழுத்தைப் பார், கோணவில்லை. தேய்க்கத் தேய்க்கப் புண் பெரிதாகியிருக்கும் என்றார்கள். தேய்க்கிறதை விட்டதால்தான் ஆறியிருக்கும் என்றார்கள். "தங்கச்சிக்கு எழுதணுமா?" என்று அவர்களே கேட்டார்கள். எழுதத்தான் வேண்டும் என்றேன். நீ எனக்கு நேராக எழுதினாய். நான் உனக்கு வளைத்து எழுதினால் நன்றாக இருக்காது.

ஆனால் டாக்டரம்மா பார்க்காதது ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் கம்பெனியில் என் நிழல் விழுந்த இடத்தைக்கூடச் சுற்றிப் போனார்கள். தொற்றிக்கொள்ளும் என்று பயம். நான் இழுத்த ஐஸை மட்டும் வாங்கிக்கொண்டார்கள், அது வேறு. உப்புத் தண்ணீர்ச் சட்டியை வைத்துக்கொண்டு, என் காலை மடியில் தூக்கி வைத்த ஆள் நீ ஒருத்திதான். கையுறை இல்லை, முகம் சுளிக்கவில்லை, நாற்றம் என்று ஒரு சொல் இல்லை. நான் கத்தக்கூடாது என்பதற்காகக் கூரை பறந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், நீ முதல் தடவை கேட்கிற மாதிரியே "அப்புறம்?" என்றாய். புண்ணுக்கு அது கெட்டது. சரி. அந்தப் புண் எப்போதோ ஆறிவிட்டது. அந்த "அப்புறம்" இல்லாமல் அந்த வருஷத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன். இதை உனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு வராது, தெரியும் உனக்கு.

அந்தக் காலை ஊன்றி நடக்க டாக்டரம்மா விட்டதும் பஸ் ஏறுகிறேன். இந்தத் தடவை பஸ் நிலையத்தோடு திரும்ப மாட்டேன். படியில் மகள் பிடித்துக்கொள்வாள்.

பகலில் படுத்துக்கொண்டு, சூரியன் மறைந்த அன்று தொட்டியைச் சுற்றி நின்றவர்களை வலப்பக்கமிருந்து ஒவ்வொருவராகப் பார்த்து வருகிறேன். முகங்கள் எல்லாம் தண்ணீரைப் பார்த்துக் குனிந்திருக்கின்றன. மேஸ்திரி, தொப்பியைக் கழற்றியிருக்கிறார். ஆற்றில் போனார். லாரிக்காரர், லாரியிலேயே போனார், தூக்கம். கணக்கப்பிள்ளை, மூக்குக் கண்ணாடி தொட்டியில் விழாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூப்பில் போனார். கம்பெனி டாக்டர், அன்றைக்கு ஐஸ் வாங்க வந்தவர். அவர் எனக்காக உன்னோடு வாசல்வரை நடந்து வந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது, போய்விட்டார். அச்சுத் தூக்குகிற இயந்திரத்தை ஓட்டிய உன் வீட்டுக்காரர், அப்போது உன் வீட்டுக்காரர் இல்லை. தண்ணீரைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். டீக்காரர். கொதிகலன் ஆள். இரண்டு ஐஸ் இழுப்பவர்கள், அண்ணன் தம்பி. எல்லோரும் போயாயிற்று. என்னை விட்டுவிடு, எண்ணுகிறவன் தன்னை எண்ணுவதில்லை. தொட்டி ஓரத்தில், எட்டாமல், குதிகாலைத் தூக்கிக்கொண்டு, கையை விட்டுத் தண்ணீரைக் கலக்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிற ஒருத்தி மட்டும் இன்னும் இருக்கிறாள். அம்மா கடைசியாகப் பெற்றதால், கடைக்காரர் வாங்கியதற்கு மேலே சும்மா போடுவது மாதிரி வந்தவள் என்று அப்பா வைத்த பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று.

கொசுறு.